பழைய பேட்ரோலில் சிம்ப்சன் பாலைவனம்: மேற்கிலிருந்து கிழக்கே

ஞாயிறு, ஊட்னடாட்டா

தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தச் சிற்றூரிலிருந்து நாளைக் காலை வடக்கே, சிம்ப்சன் பாலைவனத்தை நோக்கித் திரும்புகிறோம். அதற்கு முன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரம் நான் எழுதப்போவதில் பெரும்பகுதி வண்டியைப் பற்றித்தான் இருக்கும், மணல்மேடுகள் இடையிடையே வரும்.

நிசான் பேட்ரோல், ஒய்60 மாடல், ஆஸ்திரேலியாவில் எல்லோரும் ஜிக்யூ என்பார்கள். இங்கே 1988 முதல் 1997 வரை விற்ற வண்டி, என்னுடையது 1994. டிடி42 டீசல் எஞ்சின், 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் பல்சக்கரங்கள், டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். அண்ணன் தன்னுடைய புது டபுள் கேப் வண்டியில் வருகிறார். இந்தப் பாலைவனத்துக்கு ஒற்றை வண்டியில் போகக்கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பழைய வண்டியை வாங்கியவுடன் எல்லோருக்கும் முதலில் வின்ச் (புதைந்த வண்டியைக் கம்பியால் இழுக்கும் மோட்டார் உருளை), பெரிய பம்பர், லைட் பார் என்றுதான் ஆசை போகும். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும், ஆனால் முப்பது வருஷ வண்டியில் அதற்கெல்லாம் முன்னால் செலவு செய்ய வேண்டிய இடங்கள் வேறு. என் பணத்தில் பெரும்பங்கு போனது ரேடியேட்டர், ஃபேனின் விஸ்கஸ் ஹப், தெர்மோஸ்டாட், எஞ்சின் அறையில் இருக்கும் அத்தனை ரப்பர் ஹோஸ்கள், நான்கு சக்கர பேரிங்குகள், முன் அச்சின் ஸ்விவல் ஹப் (ஸ்டீயரிங்கோடு திரும்பும் மூட்டு) சீல்கள், சஸ்பென்ஷனில் இருக்கும் எல்லாப் புஷ்களும் (உலோக மூட்டுகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்), இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்களின் யுனிவர்சல் ஜாயின்ட்கள். போட்டோ எடுத்தால் இதில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பாலைவனத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றுதான், வின்ச் இல்லாமல் நின்றுபோன வண்டிகளை விட ஹோஸ் வெடித்து நின்ற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மாற்றங்கள். 50 மில்லிமீட்டர் உயர்த்திய சஸ்பென்ஷன், 285/75ஆர்16 டயர், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்கெல், நீண்ட தூர டாங்க், முன்னும் பின்னும் பளு குறிப்பிட்ட மீட்புக் கொக்கிகள். உயர்த்துவது பற்றி ஒரு விஷயம். ஜிக்யூவின் முன் அச்சு ரேடியஸ் ஆர்ம் எனும் இரண்டு நீண்ட இரும்புக் கைகளில் தொங்குகிறது. பாடியை உயர்த்தும்போது அந்த ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, அச்சையே கொஞ்சம் சுழற்றிவிடும், காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் மூட்டின் பின்சாய்வு, குறைந்துவிடும். அப்புறம் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நேராக வராது, வண்டி இங்குமங்கும் அலையும். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் அதை ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் வேலை முடியாது, காஸ்டரைச் சரிசெய்யும் புஷ்களும் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடும் சேர்த்துப் போட வேண்டும். இன்னும் உயர்த்தலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உயர்த்தும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழே எங்காவது ஒரு கோணம் கெடும், அதைச் சரிசெய்ய இன்னொரு பாகம் வாங்க வேண்டியிருக்கும், 50க்கு மேல் போய் எனக்கு ஆகவேண்டிய வேலை எதுவும் இல்லை.

டயரும் அப்படித்தான். பெரிய டயர் போட்டால் ஒவ்வொரு கியரும் நீண்டுபோகும், டர்போ இல்லாத எஞ்சின் மணலில் திணறும், பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பாரம் கூடும். 33 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ரூஃப் ரேக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். தலைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும்.

ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. இப்போது குளிர்காலம், பகலில் சுகமான வெயில், இரவில் போர்வை போதவில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காவை மூடிவிடுகிறார்கள், அந்த வெப்பத்தைப் பார்த்தால் அது சரியான முடிவு என்றுதான் தோன்றுகிறது.

திங்கள், மவுண்ட் டேர்

நாள் முழுக்கக் கொரகேஷன். சாலைக்குக் குறுக்கே வரிவரியாக எழும்பும் மண்மேடுகள், துணி துவைக்கும் பலகை மேல் வண்டி ஓட்டுவது போல. வண்டிகள் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிப் போகும் எந்த மண்சாலையிலும் இது தானாக உருவாகும், சமன்படுத்தினாலும் திரும்ப வரும்.

மணலை விட இந்தச் சாலைதான் பழைய வண்டியைக் கொல்லும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மணலில் வேகம் குறைவு, அடி மெதுவாக விழும். இங்கே ஷாக் அப்சார்பர் நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை மேலும் கீழும் போகிறது. அதன் வேலையே அசைவை வெப்பமாக மாற்றுவது. உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகிச் சூடாகி நீர்த்துப்போகும், நுரைக்கும், கடைசியில் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும், சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அதனால் மணிக்கணக்காக விடாமல் ஓட்டாமல் அவ்வப்போது நிறுத்த வேண்டும்.

நிறுத்தும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி ஒரு நடை. நான்கு சக்கர ஹப்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். நான்கும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே பேரிங் இறுகிவிட்டது, இல்லையென்றால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. அப்புறம் ஷாக்குகள், நான்கும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

டயர் காற்றை 38 பிஎஸ்ஐயிலிருந்து 26க்கு இறக்கியிருந்தேன். காற்று குறைந்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும், அதன் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஆனால் குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடாகி டயரே பிய்ந்துவிடும், அதனால் காற்றும் வேகமும் சேர்ந்தேதான் இறங்க வேண்டும். அண்ணன் காற்றை இறக்காமலே கிளம்பினார். அரை மணி நேரத்தில் ரேடியோவில் குரல் வந்தது: "டேய், நில்லு, பல்லெல்லாம் ஆடுது, நானும் இறக்கிக்கிறேன்."

மவுண்ட் டேரில் ஒரு ஹோட்டல், ஒரு எரிபொருள் பம்ப், முகாமிட இடம், அவ்வளவுதான் ஊர். பாலைவனத்துக்கு அந்தப் பக்கம், கிழக்கே இருக்கும் பேர்ட்ஸ்வில் ஊர் வரை அடுத்த பம்ப் இல்லை. சுற்றிப் போவது, திரும்பி வருவது எல்லாம் சேர்த்து 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கும் என் வண்டி மணலில் 20, 22 குடிக்கும். 110 லிட்டர் ஆயிற்று, அதற்கு மேல் கால்பங்கு கையிருப்பு. எல்லாம் வண்டிக்கு அடியில் டாங்கிலேயே இருப்பதால் பாரம் தாழ்வாக நிற்கிறது, கேன்களைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம்.

மாலையில் பானட்டைத் திறந்தபோது பேட்டரித் தட்டின் ஒரு மூலையில் முடி அளவு விரிசல். கொரகேஷன் கைவரிசை. ராட்செட் பட்டையால் இறுக்கிக் கட்டி, அடியில் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறேன். இது தாங்கும்.

செவ்வாய், டல்ஹவுசி

எழுபது கிலோமீட்டர்தான், கல் நிறைந்த பாதை, மெதுவாக வந்தோம். டல்ஹவுசி ஊற்று பூமிக்கடியில் இருக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் பேசினிலிருந்து தானே மேலே வரும் வெந்நீர். பெரிய குளத்தில் இறங்கினால் வெதுவெதுப்பு உடம்பெல்லாம் பரவும், குட்டி மீன்கள் காலைக் கடிக்கும். உலகத்தில் இங்கே தவிர வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் இதில் இருக்கின்றன. அண்ணன் ஏறவே மாட்டேன் என்றார்.

இங்கிருந்து கிழக்கே ஓடும் மணல்மேடுகளுக்கு நடுவில் வாங்கங்குரு மக்கள் மிகிரி எனப்படும் ஆழமான கிணறுகளை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். நாங்கள் டாங்க் டாங்காகச் சுமந்து கடக்கிற நிலத்தை அவர்கள் நடந்தே கடந்திருக்கிறார்கள். எந்தக் கிணறு எங்கே என்ற அறிவு ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது.

வண்டிக்கு இன்று ஓய்வு. கிரீஸ் கன்னை எடுத்து ஷாஃப்ட் ஜாயின்ட்களுக்கும் ஸ்லிப் யோக்குக்கும் ரெண்டு ரெண்டு பம்ப். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன், சுத்தமான டீசல்தான் வந்தது.

புதன், ஃபிரெஞ்ச் லைன்

காலையில் பானட்டுக்கு முன்னால் கொடிக்கம்பத்தை நட்டோம். மேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் ஏறினால் உச்சியில் நேருக்கு நேர் மோதல்தான், எதிரே வருபவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடி. யுஎச்எஃப் ரேடியோவை 10ஆம் சேனலில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது நாங்கள் எங்கே இருக்கிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே போனோம்.

பர்னி போர் என்ற ஆழ்துளைக் கிணறு வரை மேடுகள் சிறியவை. அதன் பிறகு ஃபிரெஞ்ச் லைன். 1960களின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம் நில அதிர்வு ஆய்வுக்காகக் கிழக்கே நேர்கோடாக வெட்டிய பாதை. மேடுகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன, பாதை கிழக்கே போகிறது, அதனால் ஒவ்வொன்றையும் ஏறித்தான் கடக்க வேண்டும். மொத்தப் பாலைவனத்திலும் 1,100க்கு மேல் மேடுகள். மேற்குப் பக்கம் சரிவு மென்மை, கிழக்குப் பக்கம் செங்குத்து. நாங்கள் மேற்கிலிருந்து கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

காற்று 16 பிஎஸ்ஐ. மணலில் டயரை அகலமாக்குவதற்காகக் காற்றை இறக்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையைத் தொடும் நீளம்தான் நன்றாகக் கூடும், டயர் ஒரு நீண்ட பட்டை மாதிரி மணல் மேல் படுத்துப் போகும். முன் சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும்படி அவற்றின் ஹப்களை லாக் செய்து, பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் மூன்றாம், நான்காம் கியரில் ஏறினேன். ஏறத் தொடங்குமுன்பே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, பாதியில் கியர் மாற்றாமல், சக்கரம் சுழலத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். பாதையில் இருக்கிற குழிகளெல்லாம் அதிகக் காற்றோடு வந்து சக்கரத்தைச் சுழற்றித் துள்ளவிட்டவர்கள் வெட்டியவை. வண்டி தவ்வித்தவ்வி ஏறுகிறது என்றால் காற்று இன்னும் இறங்க வேண்டும் என்றுதான் அர்த்தம். காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருந்ததால் சுலபம், மதியத்துக்கு மேல் அதே உயர மேடு இரண்டு மடங்கு வேலை வாங்கியது.

மதியம் கடந்து ஒரு சத்தம். மேட்டிலிருந்து இறங்கி அடியில் வண்டி அமுங்கும்போது வலது பின்பக்கம் "டொக்" என்று ஒன்று. ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஒரு டொக். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறவில்லை, சஸ்பென்ஷன் பயணம் செய்யும்போது மட்டும் வந்தது. அப்படியென்றால் சுழலும் பாகம் எதுவும் இல்லை, தொங்கும் பாகம் ஏதோ ஒன்று.

இரண்டு மேடுகளுக்கு நடுவில் களிமண் தரை இறுகிக் கிடந்த ஒரு இடத்தில் நிறுத்தி அடியில் படுத்தேன். வலது பின் ஷாக்கின் கீழ்முனை அச்சோடு சேரும் இடத்தில், இரும்பு வளையத்துக்குள் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் நசுங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, கறுப்பு ரப்பர்த் தூள் அச்சு மேல் உதிர்ந்து கிடந்தது. ரப்பர் போனதால் வளையம் நேரடியாகப் போல்ட் மேல் மோதியதுதான் அந்த டொக். விரலை வைத்துப் பார்த்தேன், போல்டின் ஒரு பக்கம் மெழுகு மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது, ஆனால் பள்ளம் விழவில்லை. இன்னும் ஒரு நாள் இப்படியே ஓட்டியிருந்தால் போல்டே அறுந்திருக்கும், அறுந்த போல்டைப் பாலைவனத்தில் யாரும் ஒட்டவைக்க முடியாது.

மாற்றுப் புஷ் ஒரு ஜோடி பெட்டியில் இருந்தது. ஜாக்கை மணலில் வைத்தால் புதைந்துபோகும் என்பதால் எப்போதும் ஒரு தடித்த பலகை கொண்டுவருவேன், அதன் மேல் வைத்துச் சட்டத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, அச்சை மெதுவாகத் தொங்கவிட்டேன். நட்டு நன்றாகப் பிடித்திருந்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம் நீள ஸ்பேனரைப் போட்டதும் ஒரு கிறீச்சோடு விட்டுக்கொடுத்தது. பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். புதியதை உள்ளே தள்ள எண்ணெயோ கிரீஸோ போடக்கூடாது, பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்விடும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

அண்ணன் நட்டை அங்கேயே இறுக்கப் போனார். "அண்ணா, இப்ப வேண்டாம், வண்டி சக்கரத்துல நிக்கட்டும்" என்றேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி இறங்கி நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம். சஸ்பென்ஷனில் எந்தப் புஷ் மாற்றினாலும் இந்த ஒரு விதியை மறக்காதீர்கள், நல்ல புஷ்கள் ஆறு மாதத்தில் போகிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இருட்டுவதற்குள் முடிந்தது. இடது பக்கத்தையும் பார்த்தேன், ரப்பரில் வெடிப்பு ஆரம்பித்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். ஒரே வயது, ஒரே வேலை செய்த ரப்பர், ஒன்று போனால் இன்னொன்றும் வழியில்தான் இருக்கும். அங்கேயே கூடாரம் போட்டோம்.

வியாழன், பெப்பல் கார்னர்

சத்தம் இல்லை. காலை முழுக்கக் காதைப் பின்பக்கம் வைத்தே ஓட்டினேன், சுத்தமான அமைதி, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெப்பல் கார்னர் என்பது குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வடக்கு ஆட்சிப்பகுதி மூன்றும் சந்திக்கும் புள்ளி. 1880ல் அகஸ்டஸ் பெப்பல் என்ற சர்வேயர் ஒட்டகங்களோடு வந்து இங்கே ஒரு மரக்கம்பத்தை நட்டார். பிறகு அவருடைய அளவுச் சங்கிலியைச் சோதித்தபோது அது ஒரு அங்குலம் நீளமாக இருந்தது தெரிந்தது. ஒவ்வொரு தடவை சங்கிலியை விரிக்கும்போதும் அந்த ஒரு அங்குலம் சேர்ந்து சேர்ந்து, கம்பம் உப்பு ஏரிக்குள் போய் நின்றிருக்கிறது. லாரன்ஸ் வெல்ஸ் என்பவர் வந்து மறுபடி அளந்து இடத்தை மாற்றினார். நேற்று ஒரு ரப்பர் புஷ் தேய்ந்ததற்குப் பாதி நாள் செலவழித்த எனக்கு, அளவுக்கருவி சரியில்லாமல் மூன்று மாநில எல்லையே தள்ளிப்போன கதையைப் படித்தபோது அந்தக் கம்பத்தை விட்டு நகர மனம் வரவில்லை. நட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்து வாங்குங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உப்பு ஏரிகளில் ஏற்கெனவே ஓடிய தடத்தை விட்டு விலகக்கூடாது. மேலே வெள்ளையாகக் காய்ந்து தெரியும், அடியில் சேறு. உப்பு வேறு பிரேக் குழாய்களையும் மின் இணைப்புகளையும் தின்றுவிடும், ஊர் போனதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

வெள்ளி, எயர் க்ரீக்

பெப்பல் கார்னருக்குக் கிழக்கே தொடரும் க்யூஏஏ லைன் என்ற பாதையில் மேடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் உயரம். ஓட்டுவதற்கு நேற்றை விட இன்று எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதை நடுவில் வளர்ந்திருக்கும், அதன் தண்டும் விதையும் வண்டிக்கு அடியில் சேரும். பிசின் உள்ள புல், சூடான சைலன்சர் பக்கத்தில் சிக்கினால் தீப்பிடிக்கும். பெட்ரோல் வண்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். விதைகள் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்து எஞ்சினைச் சூடேற்றவும் செய்யும். ரேடியேட்டருக்கு முன்னால் நுண்ணிய வலை கட்டியிருக்கிறேன், நிற்கும்போதெல்லாம் அதைத் தட்டிவிட்டு, அடியில் குனிந்து சைலன்சரைச் சுற்றிக் கையுறையோடு சுத்தம் செய்கிறேன்.

மதியம் ஒரு மேட்டின் உச்சிக்குச் சற்று முன் அண்ணன் வண்டி நின்றுவிட்டது, பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிட்டன. "கயிறு போட்டு இழுடா" என்றார். முதலில் மண்வெட்டி. சக்கரங்களுக்குப் பின்னால் வழி வெட்டி, அச்சுக்கு அடியில் தேங்கிய மணலை எடுத்து, காற்றை 12க்கு இறக்கி, மீட்புப் பலகைகளைச் சக்கரத்துக்குப் பின்னால் செருகினோம். பின்னோக்கி மெதுவாக விட்டதும் தானே வெளியே வந்தது. இழுக்கும் பட்டை தேவையே படவில்லை. அது தேவைப்படும்போது ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது: டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மீட்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். நீண்டு இறுகும் அந்தப் பட்டை உருண்டையைப் பிய்த்தால் அது துப்பாக்கிக் குண்டு போலத்தான் பறக்கும், இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எவ்வளவு பளு தாங்கும் என்று குறித்திருக்கும் கொக்கிகள் சட்டத்தோடு போல்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும், பார்வையாளர்கள் பட்டையின் நீளத்தை விடத் தள்ளி நிற்க வேண்டும்.

எயர் க்ரீக் ஓடையில் தண்ணீர் இருந்தது. நடந்து பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே, அடித்தளம் உறுதி. இங்கேதான் டிஃபரென்ஷியல் பிரீதர், அதாவது அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி மூச்சுவிடும் சின்னக் குழாயின் மதிப்பு தெரியும். பகல் முழுக்க ஓடிய டிஃபரென்ஷியலில் எண்ணெயும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அதைத் திடீரென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சத் தொடங்கும். பிரீதர் அச்சு மேலேயே இருந்தால் அது வழியாகவும், அது அடைத்திருந்தால் பழைய சீல்கள் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்துப்போகும், பேரிங் போய்விடும். முன், பின் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்குக்கும் நல்ல ஹோஸ் போட்டு எஞ்சின் அறையின் மேல்பகுதிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு மதிய வேலை, மிகக் குறைந்த செலவு. பழைய வண்டியில் நான் செய்த மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஆனாலும் இறங்குமுன் கால்மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டுத்தான் போனோம்.

சனி, பேர்ட்ஸ்வில்

பிக் ரெட் கடைசிப் பெரிய மேடு, சுமார் 40 மீட்டர். உச்சிப் பகுதியில் மணல் மாவு மாதிரி. முதலில் அண்ணன் ஏறினார், நானும் ஏறினேன், உச்சியில் நின்று பார்த்தால் வந்த திசையில் சிவப்பு அலைகள் அடுக்கடுக்காக.

1962ல் ரெஜ் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் தன் மனைவி, இரண்டு குழந்தைகளோடு இந்தப் பாலைவனத்தை மோட்டார் வண்டியில் முதன்முதலாகக் கடந்தார். ஃபிரெஞ்ச் லைன் வெட்டப்படுமுன், பாதையே இல்லாமல். அவர் ஓட்டியது நிசான் பேட்ரோல், ஜி60 மாடல், லீஃப் ஸ்பிரிங் வண்டி, உயர்த்திய சஸ்பென்ஷன் எதுவும் அன்று கடையில் கிடைக்காது. என் வண்டியின் தாத்தா என்று அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

பேர்ட்ஸ்வில்லில் 1884ல் கட்டிய ஹோட்டலுக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, அண்ணன் பேக்கரிக்குப் போனார், நான் ஜாக்கை எடுத்தேன். முன் சக்கரம் ஒவ்வொன்றையும் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இடது சக்கரம் சுத்தம். வலது சக்கரத்தில் மெல்லிய ஆட்டம். யாராவது பிரேக்கை மிதித்தபடி இருக்க, மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும்: பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் ஸ்விவல் ஹப்பின் பேரிங், ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங். அண்ணன் திரும்பி வந்ததும் மிதிக்கச் சொன்னேன். மறைந்துவிட்டது. ஹப்பைத் திறந்து, பேரிங் நட்டை முறைப்படி இறுக்கி, பூட்டு வாஷரை மாட்டி மூட முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிரீஸில் தூசி இல்லை, சீல்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன.

ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு கைப்பிடிச் சிவப்பு மணல். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே வந்தது. அங்கே ஒரு சிட்டிகைத் தூசி போனாலும் அது சிலிண்டருக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், எனவே இந்தத் துணிச் சோதனையைப் பயணம் முடிந்த பிறகு அவசியம் செய்துவிடுங்கள்.

இந்தப் பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை: பேட்டரித் தட்டைக் கழற்றி வெல்டிங், உப்பு போக அடிப்பகுதி கழுவுதல், நான்கு எண்ணெய்களும் இறக்கி நிறம் பார்த்தல், முன் ஷாக் புஷ்களையும் சேர்த்து மாற்றுதல், வலது பின் ஷாக்கின் போல்ட் புதியது. வாங்க வேண்டிய பெரிய பொருள் எதுவும் பட்டியலில் வரவில்லை.

நாளை தெற்கே பேர்ட்ஸ்வில் டிராக், மரீ வரை 517 கிலோமீட்டர் சரளைச் சாலை. டயர்களில் 28 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டேன், ஹப்களை லாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கியாயிற்று. நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, வலது முன் ஹப்பை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.